மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு

ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்து.

டின்னி குவேட் காரை ஓட்டினான். பக்கத்தில் ஹெஸ்டர் பெங்கெல்லி. அவள் துப்பறிபவள். அவன் உதவியாளன். முன்பு டிராம் கண்டக்டராக இருந்தவன். பயணிகளோடு அரட்டை கூடாது என்று விதி வந்த அன்றே வேலையை விட்டான்.

கேமல் சோக் ஊரின் கடைசித் தகரக் கூரையைத் தாண்டியதும் வெறும் சிவப்பு மண். மேசையைப் போலத் தட்டை. சாலையோரம் முதலில் ஒரு குதிரைத் தொட்டி வந்தது. தனியாக நின்றது. அதை ஒட்டி, சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு கழிப்பறை. அதுவும் தனியாக. அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஹோட்டல் வந்தது.

"கக்கூஸுக்கும் ஹோட்டலுக்கும் ஏதோ மனஸ்தாபம் போல, மிஸ்," என்றான் டின்னி. "பேச்சுவார்த்தை இல்ல."

"தொட்டியும் அந்தப் பக்கம்தான் நிக்குது."

"அப்ப கட்சி பிரிஞ்சிருக்காங்க."

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

யூனியன் ஹோட்டல் மரமும் தகரமும். முன்னால் பார், பின்னால் சமையலறையும் நாலு அறைகளும். வாசல் மேரி ஆன் தங்கச் சுரங்கம் இருந்த திசையைப் பார்த்திருந்தது. முதுகு ஊரைப் பார்த்திருந்தது.

உள்ளே முப்பது சுரங்கத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் எலுமிச்சை ஜூஸ். சாவு வீடு மாதிரி இருந்தது.

அக்னஸ் ஹோகார்ட்டி கவுண்டருக்குப் பின்னால் ஒரு காய்ந்த தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹோட்டலின் சொந்தக்காரி. ஐம்பது வயது. தடித்த கண்ணாடி.

"வந்துட்டீங்களா. மூணு மணிக்கு என் லைசென்ஸ் போயிடும். அதுக்குள்ள கண்டுபிடிங்க."

"எதை?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடுறேன்?"

டின்னி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "முதல்ல இருந்து சொல்லுங்கம்மா. இவங்களுக்கு மெதுவாச் சொன்னா புரியும். எனக்கு ஒரு பீர் குடுத்தாப் புரியும்."

"நீ எங்கிருந்து வர்ற?"

"கேமல் சோக்ல இருந்து. ரெண்டு மைல்."

"அப்ப உனக்கும் எலுமிச்சை ஜூஸ்தான்."

சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை பயணிகளுக்கு மட்டும்தான் மது ஊற்றலாம். மூன்று மைல் தாண்டி வந்தவன் பயணி. தாண்டாதவன் உள்ளூர்க்காரன். மேரி ஆன் சுரங்கத்து ஆட்கள் ஞாயிறுதோறும் தாகத்தோடு மூன்று மைல் நடந்து யூனியனுக்கு வருவார்கள். பயணிகளாகக் குடிப்பார்கள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

"கேமல் சோக்ல ராயல் ஹோட்டல் வெச்சிருக்கான் ஹோரஸ் பிக்கிள்," என்றாள் அக்னஸ். "அவன் போன வாரம் திருட்டுத்தனமா அளந்திருக்கான். என் வாசல் மேரி ஆன்ல இருந்து மூணு மைல் இல்லையாம். ரெண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம் குறையுதாம். நான் உள்ளூர்க்காரனுக்கு ஞாயித்துக்கிழமை ஊத்துறேன்னு மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட புகார் குடுத்துட்டான். அவரும் அளக்கச் சொல்லிட்டு, மூணு மணிக்கு முடிவு சொல்றேன்னு இங்க வந்திருக்கார்."

"குறையுதா?"

"அதெப்படிக் குறையும்? எங்கப்பா இங்க வந்து இறங்கினப்போ அரசாங்க சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தார். மூணு மைலுக்கு மேலேயே தாராளமா இருந்துச்சு."

"வந்து இறங்கினார்னா?"

"ஹோட்டலோடதான்." அவள் கவுண்டரைத் தட்டினாள். "இது மூணு ஊர் பார்த்தது. தங்கம் தீர்ந்தா ஊர் தீரும். ஊர் தீர்ந்தா அப்பா ஹோட்டலுக்கு அடியில ரெண்டு நீளக் கட்டையைக் குடுத்து, ஒட்டகத்தைப் பூட்டி அடுத்த ஊருக்கு இழுத்துக்கிட்டு வந்துடுவார். நான் ரூம் நம்பர் ரெண்டுல பொறந்தேன். நான் பொறந்த ஊர் இப்ப இல்ல. ரூம் இருக்கு."

அதைச் சொன்னபோது அவள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"மாஜிஸ்ட்ரேட் எங்கே?" என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"கிரிம்ஷா சாரா? ரூம் மூணு. காலையில பத்து மணிக்கே வந்துட்டார். வந்ததும் பின்பக்கம் ஒரு தடவை போனார். திரும்பி வர்றதுக்குள்ள சூப் ஆறிடுச்சு. அப்புறம் ஆட்டுக்கறி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். புட்டிங் மூணு தடவை. இப்ப தூங்குறார்."

சுவருக்கு அப்பால் ஒரு குறட்டை கேட்டது. மரம் அறுப்பது போல, நிதானமாக.

"பிக்கிள்?"

"சர்வேயரைக் கூட்டிக்கிட்டு மேரி ஆன் போயிருக்கான். அங்க சுரங்கத்து வாயில இருந்து சங்கிலி போட்டு அளந்துக்கிட்டே வர்றாங்க. மூணு மணிக்கு இங்க வருவாங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய உருவம் எழுந்தது. லூகா பெரோவிச். மேரி ஆன் ஆட்களுக்கு அவன்தான் தலைவன் மாதிரி.

"பிக்கிள்தான் மிஸ்!" என்றான் லூகா. "அவன்தான் எதையோ நகர்த்திட்டான்! அக்னஸ் அக்காவுக்கு இப்படி ஒரு அநியாயமா? நாங்க விடமாட்டோம்!"

"விடமாட்டோம்!" என்றார்கள் முப்பது பேரும். எலுமிச்சை ஜூஸ் குடித்தவர்களின் குரலில் அவ்வளவு கோபம் டின்னி கேட்டதில்லை.

"எதை நகர்த்தியிருப்பான்?" என்றாள் ஹெஸ்டர்.

"அளக்க ஆரம்பிக்கிற இடத்தை."

"சுரங்கத்து வாய் ஒரு குழி. குழியை எப்படி நகர்த்துவான்?"

லூகா யோசித்தான். உட்கார்ந்துவிட்டான்.

பின்கதவு திறந்தது. ஒரு கிழவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். தொப்பியால் விசிறிக்கொண்டார். செப்டிமஸ் ட்ரூ. ரூம் நாலில் நிரந்தரமாகத் தங்கியிருப்பவர். தங்கியிருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஊற்றலாம் என்பதால் தங்கியிருப்பவர்.

"எங்க போயிட்டு வர்றீங்க தாத்தா?" என்றான் டின்னி.

"வேற எங்க. பின்னாடிதான்."

"இதுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாயிடுச்சுப்பா. நான் குடி வந்தப்போ பின்படியில இருந்து நாலு எட்டு வெச்சா கக்கூஸ் வந்துடும். இப்ப பாரு, பாதி வழியில ஒரு கல்லு போட்டு வெச்சிருக்கேன், உட்கார்ந்துட்டுப் போறதுக்கு. ஒவ்வொரு வருஷமும் தூரமாகிக்கிட்டே போகுது. டாக்டர்கிட்டக் காட்டினேன். முழங்கால்னார்."

மேரி ஆன் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் தம்ளருக்குள் பார்த்தார்கள்.

ஹெஸ்டர் அதைக் கவனித்தாள். அக்னஸ் பக்கம் திரும்பினாள்.

"கக்கூஸ் தள்ளிப் போனது உங்களுக்குத் தெரியலையா?"

"நான் அங்க போறதில்ல. எனக்கு என் ரூம்லயே ஏற்பாடு இருக்கு."

"குதிரைத் தொட்டி?"

"இப்ப யாருகிட்ட குதிரை இருக்கு? எல்லாம் கார். என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியவும் தெரியாது. முன்னாடியெல்லாம் சமையல் ஜன்னல்ல கையை நீட்டினா குதிரை மூக்கு இடிக்கும். நான் கேரட் குடுப்பேன்."

ஹெஸ்டர் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய ஊசல் கடிகாரம். பன்னிரண்டே முக்கால்.

"அது ஒழுங்கா ஓடுதா?"

"வருஷத்துக்கு ஒரு நாள் நின்னுடும். கேமல் சோக்ல குதிரைப் பந்தயம் நடக்கிற அன்னிக்கு. நான் திரும்பி வந்து பார்த்தா நின்னுருக்கும். பார் கண்ணாடி கோணலா தொங்கும். அவ்வளவுதான்."

"பந்தயத்துக்குப் போவீங்களா?"

"வருஷம் தவறாமப் போவேன். செப்டிமஸையும் கூட்டிக்கிட்டு."

"அன்னிக்கு பார் யாரு பார்த்துக்குவா?"

அக்னஸின் முகம் கனிந்தது. "நம்ம மேரி ஆன் பசங்கதான். காலையிலேயே வந்துடுவாங்க. அந்த ஒரு நாள் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டாங்க. பாட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். தங்கமான பசங்க."

டின்னி மெதுவாக விசிலடித்தான். "மிஸ். முப்பது சுரங்கக்காரன். பூட்டாத பார். யாரும் குடிக்கல."

"ஆமா," என்றாள் ஹெஸ்டர். "ஒரு குற்றம் நடந்திருக்கு."

அவள் வெளியே போனாள். வராந்தாவின் ஓரத்தில் மண்டியிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். டின்னியைக் கைகாட்டி அழைத்தாள். ஹோட்டலுக்கு அடியில் ஒட்டகக் காலத்து நீளக் கட்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் உருளைக் கட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பாரம் தூக்கும் சுரங்கத்து ஜாக்கிகள் நாலு. ஒரு டப்பா கிரீஸ். புதுசு.

டின்னி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். கவுண்டரில் வைத்தான்.

"எலுமிச்சை ஜூஸுக்குத் தொட்டுக்க," என்றான்.

லூகா தொப்பியைக் கழற்றினான்.

"இந்த வழக்குல ரெண்டு குழி," என்றாள் ஹெஸ்டர். "ஒண்ணு சுரங்கம். இன்னொண்ணு கக்கூஸ். ரெண்டும் நகராது. அப்ப நடுவுல இருக்கிறதுதான் நகர்ந்திருக்கு. பந்தயத்து அன்னிக்கெல்லாம் மேரி ஆன் பக்கமாக் கொஞ்சம் கொஞ்சமா. கடிகாரம் நின்னது அதனாலதான். செப்டிமஸ், உங்க முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"நான் அந்த டாக்டரைச் சும்மா விடமாட்டேன்," என்றார் செப்டிமஸ்.

அக்னஸ் கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். முப்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"லூகா."

"அக்கா."

"உன் கல்யாண விருந்து இந்த பார்லதான் நடந்துச்சு."

"ஆமாக்கா."

"உன் மூத்த பொண்ணு ரூம் ரெண்டுல பொறந்தா. என் கட்டில்ல."

"ஆமாக்கா."

"நீ என் வீட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்க."

"தூக்கலக்கா. உருட்டினோம்." லூகா தொப்பியைக் கையில் பிசைந்தான். "பத்திரமாத்தான். ஒரு முட்டைகூட உடைஞ்சதில்ல."

"ஏண்டா?"

"வரும்போது மூணு மைல் சரியாத்தான் இருக்கு. திரும்பிப் போகும்போது அது அஞ்சு மைல் ஆகுது. நேரா நடக்க வரமாட்டேங்குது. வருஷத்துக்கு ஒரு தள்ளு. சின்னத் தள்ளு. மூணு மைல் எல்லைக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கலாம்னுதான் நினைச்சோம்."

"அப்புறம்?"

"போன வருஷம் புதுப் பசங்க சேர்ந்தாங்க." பின்வரிசையில் நாலு இளைஞர்கள் நாற்காலிக்குள் குறுகினார்கள். "நல்ல பலசாலிங்க. ஆர்வத்துல கொஞ்சம் கூடப் போயிடுச்சு."

டின்னி சிரிப்பை அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. "அதாவது, சாராயக்கடையைப் பக்கத்துல கொண்டு வரணும்னு தள்ளி, குடிக்கவே முடியாத அளவுக்குப் பக்கத்துல கொண்டு வந்துட்டீங்க."

"வாயை மூடு மச்சான்," என்றான் லூகா. கண்கலங்கியிருந்தான்.

அக்னஸ் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள்.

"மூணு மணிக்கு லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் இல்லாத ஹோட்டலை ரெண்டு மாசம்கூட என்னால நடத்த முடியாது. பிக்கிள் தகரத்தை எடை போட்டு வாங்குவான். ரூம் ரெண்டைப் பிரிச்சு அவன் கோழிக்கூண்டு கட்டுவான்." அவள் ஹெஸ்டரைப் பார்த்தாள். "நீங்க உண்மையைக் கண்டுபிடிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி. உண்மை அந்த பிக்கிள் பக்கமே இருக்கு."

ஹெஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேரி ஆன் பக்கம், வெகு தூரத்தில், கைக்குட்டை அளவு புழுதி. சங்கிலிக்காரர்கள்.

"நான் பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன்," என்றாள்.

"நான் கேக்கல."

"ஆனா மாஜிஸ்ட்ரேட் அளக்கச் சொன்னது, மூணு மணிக்கு ஹோட்டல் எங்க இருக்குன்னு. ஒரு மணிக்கு எங்க இருந்துச்சுன்னு அவர் கேக்கல." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "லூகா, ஒரு வருஷத்துச் சின்னத் தள்ளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

லூகா நிமிர்ந்தான். முப்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

"அத்தனை வருஷத்தையும் சேர்த்தா மிஸ்?"

"சேர்த்து. பின்பக்கமா."

"மாஜிஸ்ட்ரேட் உள்ள தூங்குறாரே," என்றாள் அக்னஸ்.

"எழுப்பாம," என்றாள் ஹெஸ்டர்.

ஒரு விதி வகுத்தார்கள். குறட்டை கேட்கும்வரை தள்ளலாம். குறட்டை நின்றால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். டின்னி ரூம் மூன்றின் ஜன்னலுக்குக் கீழே, காதை வைத்துக்கொண்டு, கூடவே நடந்து வருவான். கையைத் தூக்கினால் நிறுத்து. இறக்கினால் தள்ளு.

ஜாக்கிகள் ஏறின. உருளைகள் நுழைந்தன. அந்த நாலு இளைஞர்களும் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார்கள்.

யூனியன் ஹோட்டல் ஒரு பெருமூச்சு விட்டது. கிளம்பியது.

செப்டிமஸ் வராந்தாவில் தன் நாற்காலியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். கையில் பீர். "பதினஞ்சு வருஷமா நான் நடந்தேன்," என்றார். "இன்னிக்கு அது நடக்கட்டும்."

அவருடைய கல் வந்தது. போயிற்று.

கட்டடம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குறட்டை நின்றது. டின்னியின் கை மேலே போனது. முப்பது பேரும் சிலையானார்கள். ஒருவன் ஒற்றைக் காலில்.

"யார் அங்க?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். தூக்கத்தில் கொழகொழத்திருந்தது. "ஏன் ஆடுது?"

அக்னஸ் ரூம் மூன்றின் கதவுக்கு வெளியே நின்றாள். இரண்டு கைகளிலும், உருண்டு விழாமல் பிடித்த பாட்டில்கள். "காத்து சார்."

"கட்டில் நகருது."

"பலமான காத்து சார்."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, நம்பிக்கையில்லாமல்: "நான் கப்பல்லயா இருக்கேன்?"

அக்னஸ் யோசித்தாள். "ஆமா சார். இன்னும் கரை வரல. தூங்குங்க."

"கரை வந்ததும் எழுப்புங்க."

மரம் அறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. டின்னி கையை இறக்கினான். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான்.

புழுதி இப்போது போர்வை அளவு ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு ஆட்கள் தெரிந்தார்கள். அக்னஸ் சமையலறை ஜன்னலில் நின்றாள். ஒரு கையை வெளியே நீட்டியிருந்தாள். பொருட்கள் அவள் கண்ணுக்கு மங்கல்தான். சாலையோரம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நெருங்கி வந்தது. அவள் விரல் தொட்டியின் விளிம்பில் பட்டது.

"இங்கதான்," என்றாள். "இங்கேயேதான்."

நிறுத்தினார்கள். உருளைகள் போயின. இரண்டு பேர் மரக்கிளைகளை எடுத்துக்கொண்டு மண்ணை ஓடி ஓடிக் கூட்டினார்கள். டின்னி பாருக்குள் போய் நின்றுபோன கடிகாரத்தின் ஊசலை ஒரு விரலால் தட்டிவிட்டான். முள்ளையும் கொஞ்சம் தள்ளிவைத்தான். பிறகு கண்ணாடியை நேராக்கினான்.

மூன்று மணிக்கு ஹோரஸ் பிக்கிள் வந்தார். அவருக்குப் பின்னால் சங்கிலியோடு சர்வேயர். சர்வேயர் மூன்றாவது மைலின் ஆணியைச் சாலையோரம் அடித்தார். நிமிர்ந்தார். ஹோட்டல் அதற்கு அப்பால், நல்ல தூரத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தது.

"தாராளமா இருக்கே," என்றார் சர்வேயர். சங்கிலியைச் சுற்ற ஆரம்பித்தார்.

பிக்கிளின் வாய் திறந்தது. ஆணியைப் பார்த்தார். ஹோட்டலைப் பார்த்தார். ஆணிக்கு முன்னால் இருந்த வெற்று மண்ணைப் பார்த்தார். அது ரொம்பச் சுத்தமாக இருந்தது.

"இது இங்க இல்ல! இது அங்க இருந்துச்சு! நான் அளந்தேன்!"

"ஹோட்டல் நடந்துச்சுங்கறீங்களா ஐயா?" டின்னி வராந்தாவில் சாய்ந்திருந்தான். "இதை நீங்களே மாஜிஸ்ட்ரேட்டுகிட்டச் சொல்லுங்க. நாங்க சொன்னா நம்பமாட்டார்."

பிக்கிள் ஹெஸ்டரைப் பார்த்தார். ஹெஸ்டர் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

பாருக்குள் முப்பது பயணிகள் வரிசையில் நின்றார்கள். சட்டை எல்லாம் வியர்வை. அக்னஸ் ஊற்றினாள். லூகாவின் முறை வந்தபோது அவள் தம்ளரை உடனே விடவில்லை.

"அடுத்த வருஷப் பந்தயத்துக்கு நீயும் என்கூட வர்ற."

"சரிக்கா."

"எல்லாரும் வர்றீங்க."

"சரிக்கா." லூகா ஒரு மிடறு குடித்தான். வாசல் வழியாக மேரி ஆன் இருந்த திசையைப் பார்த்தான். அது முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. "தூரம்தான்," என்றான், யாரிடமும் இல்லாமல்.

குறட்டை நின்றது.

எல்லாரும் பழக்கத்தில் அசையாமல் நின்றார்கள்.

ரூம் மூன்றின் கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். மாஜிஸ்ட்ரேட் கிரிம்ஷா, கால்சட்டையின் தோள்பட்டி இடுப்பில் தொங்க, கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு, பின்கதவை நோக்கிப் போனார். வெயிலில் நெடுந்தூரம் நடக்கப் போகிறவரைப் போலத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தார். படியில் ஒரு கால் வைத்தார்.

கழிப்பறையின் கதவு நாலு எட்டில் இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரம் மட்டும் ஓடியது. பிறகு, தொப்பியைக் கழற்றாமல், மெதுவாக பாரின் பக்கம் திரும்பினார்.

"அம்மா... கரை வந்துடுச்சா?"